கையை நக்கிய புலி

இரண்டு தோல் ஷெட், எட்டுச் சுண்ணாம்புக் குழி, கோடையிலும் வற்றாத ஒரு கிணறு, பாலாற்றங்கரையில் மாடி வைத்த வீடு, ராணிப்பேட்டையில் ஒரு மண்டி, நாலு பெண்களுக்குக் கல்யாணம். இத்தனையும் ஒற்றை ஆளாகச் செய்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கையெழுத்துப் போடக் கற்றதே மீசை முளைத்த பிறகுதான். இதையும் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். எந்தக் காரியத்துக்கும் நான் பயந்ததில்லை. பயந்தது ஒரே தடவை, எட்டு வயதில்.

அந்த வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல். பிழைக்க மாட்டான் என்று பாயில் போட்டுவிட்டார்கள். அம்மா அடுத்த தெருச் சாவடிக்கு ஓடி, பஞ்சா என்கிற உலோகக் கையை வைக்கும் இடத்தில் விழுந்து வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழுந்தால் அல்லா சாமி பண்டிகையில் புலி வேஷம் கட்டி ஆடுவான் என்று. எங்கள் ஆம்பூரில் இது புதிதல்ல. மொகரத்தின் அந்தப் பத்து நாளில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் பாதிப் பேர் புலியாகத்தான் திரிவார்கள். நான் எழுந்துவிட்டேன். இனி ஆட வேண்டியதுதான் பாக்கி.

புலியாட்டம் சொல்லித் தந்தவர் என் தாய்மாமன். பகலெல்லாம் சுண்ணாம்புக் குழியில் தோல் மிதிப்பார், சாயங்காலம் எங்களை மிதிப்பார். வேஷம் கட்டினால் போதாதா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். பத்தாம் நாள் சாவடி முன்னால் ஒவ்வொரு புலியும் தனியாக ஆடும். ஆட்டம் சரியில்லையென்றால் மாமா கையைத் தூக்குவார். தாசா மேளம் நின்றுவிடும். மேளம் நின்றால் வேண்டுதல் சேரவில்லை என்பது எங்கள் தெருச் சட்டம். சொந்தத் தம்பிக்கே கையைத் தூக்கியவர் அவர். வேண்டுதல் சேராவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்து என்னைக் கொண்டுபோய்விடும் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

மாமாவின் பாடம் வேறு மாதிரி. ஈரத் தோலைத் தரையில் விரித்து அதன்மேல் நிற்க வைப்பார். எடை சரியான காலில் விழாவிட்டால் வழுக்கும். முதல் மாதம் விழுவதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. இரண்டாம் மாதம் ஒரு தடவைகூட விழவில்லை. பதுங்கல், பாய்ச்சல், திரும்பல் எல்லாம் தாளத்தில் இம்மி பிசகாமல் வந்தன. மாமா மாதிரியே நடந்தேன், மாமா மாதிரியே கழுத்தை வெட்டினேன். அந்த வயதில் வேறு எவனுக்கு வந்திருக்கும்?

மாமா தாடையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். "இது நான்டா. உன் புலி எங்க?" என்றார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாள் என் இஷ்டத்துக்கு ஒரு துள்ளுத் துள்ளினேன். ஆவாரங்குச்சி முழங்காலில் விழுந்தது. "அடவு தப்புது பாரு!" அடவுப்படி ஆடினேன். "சாவி குடுத்த பொம்மையாட்டம் ஆடறான் பாரு!" தப்பினாலும் அடி, தப்பாவிட்டாலும் ஏச்சு என்றால் ஒரு பிள்ளை என்னதான் செய்வான்?

"நான் புலியே பாத்ததில்ல மாமா" என்று அழுதேன்.

"நான் மட்டும் பாத்தனா? ஒரே ஒரு வாட்டி ஜவ்வாது மலைலேர்ந்து தோலா வந்துச்சு. அதுக்கும் தல இல்ல."

தாசா அடிக்கும் பாய் மாமாவின் சிநேகிதர். அவருக்கே மனசு பொறுக்கவில்லை. "இன்னா தோஸ்த், புள்ளைய இவ்ளோ பேஜார் பண்ற? ஆட்டம் கொஞ்சம் கம்மியா இருந்தா மேல இருக்கறவன் கோச்சுக்குவானா?"

"அவரு கோச்சுக்க மாட்டாரு பாய். நான் கோச்சுக்குவேன்."

பத்தாம் நாளும் வந்தது. அத்தை மஞ்சளை வேலம்பிசினில் குழைத்து உடம்பெல்லாம் பூசி, விளக்குக் கரியால் வரி போட்டாள். ஊருக்குப் பண்டிகை என்றாலும் குழியில் கிடக்கும் தோலுக்கு அது தெரியாதே. மாமா அதைப் புரட்டிவிட்டு நேராக அங்கிருந்து வந்தார். அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கு மட்டும் கையத் தூக்காதண்ணா. புள்ள உசுரு."

"அவன் ஆடினா நான் ஏன் தூக்கப்போறேன்?" என்றார். பிறகு என் வலது கையைப் பிடித்துக்கொண்டு சாவடிக்கு நடந்தார். இரண்டு பேர் கையும் வேர்த்துக் கிடந்தன.

மேளம் எழுந்தது. பதுங்கினேன். பாய்ச்சலுக்குக் கையை முன்னால் நீட்டினபோதுதான் பார்த்தேன்: வலது கை, மணிக்கட்டு வரைக்கும், ரத்தச் சிவப்பு.

அடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். எப்போது, எங்கே? வலிக்கவில்லையே! காய்ச்சல்தான் இந்த வழியாகத் திரும்பி வந்துவிட்டதோ? ஆட வேண்டுமா, அம்மாவிடம் ஓட வேண்டுமா என்று தெரியவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகர்ந்தேன். என்ன தோன்றியதோ, நக்கினேன்.

நாக்கு வெந்துவிட்டது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது என் சத்தமே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் போனார்கள். அந்தக் கையை மார்போடு தூக்கிக்கொண்டு, மீதி மூன்று காலில் சாவடி முற்றத்தைச் சுற்றினேன். காலைப் பற்றிய நினைப்பே எனக்கில்லை. ஆனால் ஒரு அடிகூடத் தாளம் தப்பவில்லை என்று பாய் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் விழும்வரை மேளம் நிற்கவில்லை. அம்மா ஓடிவந்து வாரியெடுத்தாள்.

மறுநாள் மாமா வந்து, "இன்னொரு வாட்டி ஆடு" என்றார். ஆடினேன். சுத்தமான கையை நக்கிக் காட்டினேன். "புலி போய்ட்டுது" என்று எழுந்து போனார். அடுத்த வருஷம் எல்லாப் புலிக்கும் அதைச் சொல்லித் தந்தார்: மேளத்தில் எட்டு அடிக்குப் பார்வை, நாலு அடிக்கு முகர்வு, ஒரு நக்கு, மூன்று காலில் ஒரு சுற்று. கைக்குக் குங்குமம். இன்றைக்கு மேல்விஷாரம் வரை எந்தப் புலியும் அதை ஆடாமல் போவதில்லை. மாமாவை நினைத்து வாத்தியார் அடவு என்கிறார்கள். அவரும் கடைசிவரை இல்லை என்று சொல்லவில்லை.

சிவந்தது ரத்தமில்லை, மஞ்சளில் பட்ட சுண்ணாம்பு. ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி, முப்பது வருஷம் சுண்ணாம்பில் நின்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? கை கழுவ மறந்தாரா? வேண்டுமென்றே கழுவவில்லையா? பயந்த பிள்ளைக்குத் துணையாகத்தான் பிடித்தாரா? அதற்கு முன்னும் பின்னும் அவர் என் கையைப் பிடித்ததில்லை. அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றின காலத்தில் அவர் இல்லை.

எதுவாகவும் இருக்கட்டும். சிவக்க வைத்தது அவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நக்கு என்று அவர் சொல்லவில்லை. நக்கினவன் நான், கத்தினவன் நான், மூன்று காலில் நடந்தவன் நான். இனி எந்த வாத்தியார் அந்த அடவைச் சொல்லித் தந்தாலும், முதலில் என் பேரைச் சொல்லிவிட்டு, அப்புறம் மேளத்தை அடிக்கச் சொல்லட்டும்.