பசு உட்கார்ந்த மண் வீடு

அன்று எங்கள் புது வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: நான், என் மனைவி கஸ்தூரி, மகள் தேவி, கஸ்தூரியின் தம்பி முனிரத்தினம், வீடு கட்டிய மேஸ்திரி சுப்பய்யா, ஹோமம் வளர்த்த ஐயர், பால்காரர் கோதண்டன், அவருடைய பசு, அதன் கன்று. பசுவையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழுமலையான் எனக்குக் கொடுத்த பதில் அதன் வழியாகத்தான் வந்தது. அவரை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

நான் ஆறாவதோடு படிப்பை விட்டவன். திருமலையில் ஒரு மடத்தில் யாத்திரிகர்களுக்கு ரூம் திறந்துவிடும் வேலை. முப்பது வருஷம் அதுதான் பிழைப்பு. சுபாவத்திலேயே பயந்தவன். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். குழாய் சொட்டினால்கூடப் பெருமாளைக் கூப்பிடுவேன். அவருக்கே என்னைக் கண்டால் அலுப்பாக இருந்திருக்கும்.

வேலையை விட்டதும் வரதய்யபாளையம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் வீடு கட்ட நினைத்தேன். திருப்பதியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் காங்கிரீட் தளம் வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகும் கொதிக்கும். ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போகும் தேவிதான் போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

"நைனா, இத பாரு. நம்ம மண்ண நம்மளே மெஷின்ல அழுத்தி கல்லு பண்ணிக்கலாம். சூளை வேணாம், வெறகு வேணாம். உள்ள எப்பவும் ஜில்லுனு இருக்குமாம்."

எனக்குப் பிடித்துவிட்டது. நிலத்தின் பின்பக்கம் மண் வெட்டினோம். சலித்து, மணலும் கொஞ்சமே கொஞ்சம் சிமென்ட்டும் கலந்து, வாடகை மெஷினில் கல் அழுத்தினோம். ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காய விட்டோம். மண் எடுத்த பள்ளம் வீணாகவில்லை. கூரைத் தண்ணீர் அதில் விழும்படி செய்தார் சுப்பய்யா. கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் பழைய வீடுகளைப் பிரித்த இடத்தில் வாங்கியவை.

எல்லாம் சரி. கஸ்தூரி வர மாட்டேன் என்றாள்.

"மண்ணு வூட்ல பொறந்தேன். மண்ணு வூட்லயே வளந்தேன். மழைக்கு செவுரு வுழுந்து எங்க நைனா கால் போனத கண்ணால பாத்தேன். இவ்ளோ வருசம் சேத்த காசுல மறுபடி என்ன அதுக்குள்ளயே தள்ளப் பாக்கறீங்களா? நீங்க போய் இருங்க. நான் தேவிகூட இங்கயே இருந்துக்கறேன்."

இது வேறு மண் கல் என்று சொல்லிப் பார்த்தேன். "மண்ணு மண்ணுதான்" என்றாள். அவள் யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து பேசுகிறவள் அல்ல. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். கையில் இருந்த பணமெல்லாம் சுவராகி நிற்கிறது. அவள் இல்லாமல் அந்த வீட்டில் நான் மட்டும் எதற்கு?

முனிரத்தினம் அதே ஊரில் கிரானைட் போட்டு வீடு கட்டியவன். "மாமா, மழ வந்தா உன் வூட்ட மடிச்சி உள்ள வெச்சிடு" என்று போகிற வருகிற போதெல்லாம் சொல்வான்.

கார்த்திகையில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தைய வாரம் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஊரில் கரண்ட் போய், எல்லார் போனும் செத்துக் கிடந்தது. கஸ்தூரி ஜன்னலைப் பார்த்தபடி, "போய் பாருங்க, செவுரு இருக்குதான்னு" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அழுகை இருந்தது.

பஸ் ஏறினேன். காளஹஸ்தி தாண்டி ஓரிடத்தில் வெள்ளம் ரோட்டின் மேல் ஓடியது. பஸ் நின்றுவிட்டது. டீக்கடை ஓரமாக ஒதுங்கினேன். வேண்டுதல் காசு முடிய மஞ்சள் துணிக்கு எங்கே போவேன்? தோளில் இருந்த துண்டின் முனையில் ஒரு ரூபாயை வைத்து முடிந்தேன். 'பெருமாளே, சுவர் நிற்க வேண்டும். அவள் வந்து இருக்க வேண்டும். ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய் உன் உண்டியலில் போடுகிறேன்.' வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

வெள்ளம் வடிந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சுப்பய்யா உள்ளே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். "கோடகு ஏமி காலேதன்னா. செவுத்துக்கு ஒண்ணும் ஆவல. கூரய நல்லா வெளிய இழுத்து வுட்டுக்கிறேன் இல்ல?" நான் நான்கு சுவரையும் தொட்டுப் பார்த்தேன். பூட்டைப் போலவே மூன்று தடவை. பின்னால் பள்ளத்தில் தண்ணீர் தளும்பியது.

பாதி வேண்டுதல் பலித்தது. மீதிப் பாதி கஸ்தூரி. சுவர் நிற்கிறது என்று நான் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். "பூஜைக்கு வர்றேன். இல்லன்னா ஊரு பேசும். சாயந்தரம் பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன்" என்றாள். மாற்றுப் புடவைகூட எடுத்து வரவில்லை.

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். முனிரத்தினம் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் தரையில் ஒரு கால் வைத்ததும் பசுவுக்கு வழுக்கிவிட்டது. சாக்கு விரித்தார்கள், வாழைப்பழம் காட்டினார்கள், பின்னாலிருந்து தள்ளினார்கள். அசையவில்லை. கடைசியில் தலையை மட்டும் வாசலுக்குள் நீட்ட வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

அதே பசுதான் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எங்கள் தரை சொரசொரப்பான மண் ஓடு. பசு ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. விடுவிடுவென்று உள்ளே போனது. கூடத்தின் நடுவில் கன்றோடு படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. கோதண்டன் கயிற்றை இழுத்தார். எழுந்திருக்கவில்லை.

"வுடுய்யா. லட்சுமி வந்து குந்திக்கினா எழுப்புவாங்களா?" என்றாள் கஸ்தூரி. அந்த வீட்டுக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

கோதண்டன் சிரித்தார். "ரத்தினண்ணே, உங்க வூட்டு வாசப்படிய தாண்ட மாட்டேன்னு அடம் புடிச்ச அதே மாடுதான் இது."

"அதுக்கும் மாமா புத்தி வந்துட்டுக்குது" என்றான் முனிரத்தினம்.

மற்றவர்கள் பந்தலில் சாப்பிடப் போனார்கள். கஸ்தூரி அரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு பசுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. மண் சுவர் என்றாலே பத்தடி தள்ளி நிற்பவள்.

பெருமாளிடம் எப்போதும் நூறு கேட்பவன் அப்போது ஒன்றுதான் கேட்டேன். யாரும் சத்தம் போடக் கூடாது. பொழுது சாய்ந்தது. திருப்பத்தில் சாயந்தர பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் எழுப்பவில்லை. தேவியும் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பஸ் போய்விட்டது.

கண் விழித்ததும் கேட்டாள். "பஸ்ஸு போச்சா?"

"போச்சு."

"எழுப்பக் கூடாதா?"

"மாடு தூங்கினு இருந்துச்சு."

அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. "எங்க நைனாவுக்கு இப்பிடி ஒரு செவுரு கட்டத் தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பிறகு, "ஒரு வாரம் இருந்து பாக்கறேன்" என்றாள்.

இப்போது பங்குனி. ஒவ்வொரு சனிக்கிழமையும் "இன்னொரு வாரம் பாக்கறேன்" என்கிறாள். பள்ளத்துக் கரையில் கத்தரி வைத்திருக்கிறாள். மத்தியானத்தில் முனிரத்தினம் தலையணையோடு வந்து எங்கள் கூடத்தில் தூங்குகிறான். நான் பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறேன்.

பயப்படுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். பயத்தோடேயே அவரிடம் கேளுங்கள். எந்த வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவருக்கே விட்டுவிடுங்கள். நான் கஸ்தூரியிடம் பேச வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் வாயில்லாத ஜீவனை அனுப்பினார்.

துண்டில் முடிந்த ரூபாய் சாமி படத்தின் கீழே இருக்கிறது. போய்க் கட்டிவிட்டு வருகிறேன் என்றால் கஸ்தூரி விடுவதில்லை. "கட்டிட்டா வேண்டுதல் முடிஞ்சிடும். அப்புறம் என்னைய யாரு இப்பிடித் தாங்குவாங்க? என் முட்டி வலி கொறயட்டும். ரெண்டு பேரும் நடந்தே மலையேறலாம்."

அவர் வட்டியோடு வாங்குகிறவர். வட்டியை அவரே பார்த்துக்கொள்ளட்டும். இன்றைக்கு அசல் பாக்கி ஆயிரத்து நூற்றுப் பதினாறு ரூபாய்.