எழுபது பங்கு இரும்பு, முப்பது பங்கு ஆக்சிஜன்

நீலத் தார்ப்பாய்ப் பந்தலிலிருந்து மழைத்தண்ணீர் பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் சொட்டிக்கொண்டே இருந்த சத்தம்தான் அந்த ஐப்பசி மாதத்தைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்த என் அம்மா, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், உயிரோடு வீடு திரும்பவில்லை. நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய் "பிளஸ் ஒன்" படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, அவர்கள் தோளுக்கு மேலாக மின்விசிறியில் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெத்தவளப் பறிகொடுத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்லு நெஞ்சுக்காரி" என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

உள்ளறையில் உட்கார்ந்து, வேதியியல் புத்தகத்தில் எளிய விகித வாய்பாட்டுக் கணக்குகளைப் போட ஆரம்பித்தேன். ஒரு சேர்மத்தில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுத்து, வரும் எண்களில் சிறியதால் எல்லாவற்றையும் மறுபடி வகுத்தால், அணுக்கள் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பது கிடைத்துவிடும். வகுக்கிற நேரத்தில் வேறெதுவும் தலைக்குள் வராது.

ஒருநாள் சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். வழியில் வன்னியம்பட்டிக்குப் பிரியும் விலக்கில் தினமும் எங்கள் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்காருகிறவள்; அம்மா இருந்தபோதும் அடிக்கடி வீட்டுக்கு வந்து போனவள். ஆறுதல் எதுவும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "இரும்பு எழுபது, ஆக்சிஜன் முப்பது. போடு" என்றாள்.

எழுபதை ஐம்பத்தாறால் வகுத்தேன், ஒன்றேகால் வந்தது. முப்பதைப் பதினாறால் வகுத்தேன், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. சிறியதால் வகுத்தபோது ஒன்றுக்கு ஒன்றரை. நான் ஒன்றரையை அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

"ஏட்டி, அரைய அப்படித் தூக்கி முழுசாக்கக் கூடாது. ரெண்டையும் ரெண்டால பெருக்கு."

பெருக்கினேன். இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன். "துரு" என்றாள் ஸ்டெல்லா. அடுத்த கணக்கை வாசித்தாள்.

அப்போதுதான் பந்தலில் அத்தை அப்பாவிடம் பேசுவது கேட்டது. "ஏலே தம்பி, இனி அவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? ஒனக்குக் கஞ்சி காய்ச்ச ஆளு வேண்டாமா?"

என் பேனா நின்றது. ஸ்டெல்லா எழுந்து வாசலுக்குப் போனாள். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதவள் அவள். "அப்பா, திங்கக்கெழம கெமிஸ்ட்ரி பரிட்சை. பஸ்ல அவளுக்கு எடம் போட்டு வைக்கக்கூட முடியாது, நான் அவளுக்குப் பின்னாலதான் ஏறுதேன். நீங்கதான் ஏத்தி விடணும்."

அப்பா அத்தையைப் பார்த்து, "அவ போகட்டும்க்கா. கஞ்சி நான் காய்ச்சிக்கிடுதேன்" என்றார். அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை. திரும்பப் பேனாவை எடுத்தேன்.

திங்கட்கிழமை அப்பாவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை ஏற்றிவிட்டார். பரீட்சை எழுதினேன், பாஸும் ஆனேன்; பிறகு கல்லூரி, வேலை.

ஸ்டெல்லா இப்போது கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது, "அம்மாவுக்காக எப்பவாச்சும் அழுதியா ஏட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அன்னைக்கு ஒங்க வீட்டுல இருந்து பஸ் ஏறி, விலக்கு வார வரைக்கும் நான் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்கூடக் கேக்கல" என்றாள்.

நாங்கள் அப்போது இருந்த வாடகை வீட்டை இடித்து ஒரு செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவளுக்கு நினைவிருந்தது, என் பெயரை அம்மா கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை கூப்பிட்டுக் காட்டினாள்.