ஆறு வருட இரண்டாம் இடம்

யார்க்‌ஷயரில் எங்கள் கிளப்பில், பழங்காலப் பந்தயக் கார்களின், ஒருவர் உட்கார்ந்து ஓட்டக்கூடிய குட்டி நகல்களை வீட்டிலேயே கட்டிப் புல்வெளியில் ஓட்டுவோம். பரிசெல்லாம் கிடையாது. ஜெயித்தவர் எல்லோருடைய டீ கப்பையும் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மேவிஸ், ஆறு வருடமாக இரண்டாவதாகவே வந்தாள். ஜெயித்தது பெரும்பாலும் நான்தான். "என்ன மேவிஸ், கண்ணு மங்கிடுச்சா?" என்று வாய்க்கொழுப்போடு கேட்பேன். சிரித்துக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பந்தயத்தில் அவள் காரின் ஆக்சிலரேட்டர் கம்பி அறுந்துவிட்டது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு கையைப் பின்னால் விட்டு, கொதிக்கும் எஞ்சினை விரலாலேயே முடுக்கிக்கொண்டு, மறு கையால் ஸ்டியரிங்கை ஒடித்து, வளைவில் பாதி உடம்பை வெளியே சாய்த்தபடி என்னைக் கடந்து பறந்து ஜெயித்தாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதே இல்லை.

"இத்தனை நாளா ஏன் இப்படி ஓட்டல?" என்றேன்.

கருகிய கையுறையை உருவினாள். "முப்பது வருஷம் ஊரார் தட்டைக் கழுவினேன்ப்பா. இங்கயும் கழுவணுமா? இன்னிக்குக் கம்பி அறுந்த பதட்டத்துல, உன்னை முன்னால விடணும்ங்கறதே மறந்துபோச்சு."

அன்றைக்கும் பதினெட்டுக் கப்பையும் நானே கழுவினேன்.