தவசிமுத்து நனையாமல் போய்வந்த கதை

இராயபுரத்தில் ஒரு பேச்சு உலவியது. ஐம்பத்தெட்டு வயதுத் தவசிமுத்து, வாடகைச் சைக்கிளில், கொட்டுகிற மழையில் எண்ணூர் போய்த் திரும்பிவந்தார். உடம்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர் இதற்குச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார். நம்பாத சிலர் சைக்கிள் கடை ரஷீதிடம் போய் விசாரித்தார்கள். அன்று சைக்கிள் போனது உண்மைதான் என்றார் ரஷீது. எடுத்துப்போனது தவசிமுத்து அல்ல, அவருடைய அக்காள் மகன் கஸ்பார் என்பதும் உண்மைதான் என்றார். இரண்டு உண்மைக்கும் நடுவில் நடந்தது இது.

கஸ்பாருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். 1928 நவம்பரில் எண்ணூர் டோரதியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. டிசம்பர் பிறந்தால் ஆகமன காலம். கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே நாளைய ஞாயிறே முதல் ஓலை. அதற்குத் தடையில்லை என்று பெண் ஊர்க் கோயில் சாமியார் எழுதும் கடிதம் இன்று சனிக்கிழமை அந்தி மணிக்குள் வந்துசேர வேண்டும். வராவிட்டால் டோரதி ஜனவரிக்குத் தள்ளிப்போய்விடுவாள்.

கடிதம் வாங்கிவருவது தாய்மாமன் வேலை. மாப்பிள்ளையே போய் நின்றால் பறக்காவெட்டி என்று பெண் வீட்டில் பேராகிவிடும். எனவே காலையிலேயே தவசிமுத்துவைக் கோட்டு மாட்டி அனுப்பியிருந்தார்கள். அரைநாள் வேலை முடிந்து கஸ்பார் வந்து பார்த்தால், கோட்டோடு மாமா கட்டிலில் கிடக்கிறார். பக்கத்தில் கள் வாசனை அவருக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னா மாமா, எண்ணூருக்குப் போவலியா?"

"போனேன் நைனா. டேசன் வரிக்கும் போனேன். ரயிலு எனுக்காவ நிக்கல."

அடுத்த ரயிலில் போனால் திரும்ப இருட்டிவிடும். கஸ்பார் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவோடு போய் ரஷீதின் சைக்கிளை எடுத்தான்.

இராயபுரத்தில் வெயில் பல்லைக் காட்டியது. டோல்கேட்டில் தூறல். சரி, இவ்வளவுதானே என்று நினைத்தான். திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் வானம் குடத்தைக் கவிழ்த்தது. இரண்டு பர்லாங்கு தள்ளி மறுபடி வெயில். சட்டை பாதி காய்ந்ததும் மறுபடி மழை. வாடைக்காற்று நேரே நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஏறி மிதித்தால் சக்கரம் நகரவில்லை, இறங்கித் தள்ளினால் மணலில் இறங்கியது. எர்ணாவூர் அருகே மீன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற மீன்காரி குப்பம்மா, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, சைக்கிள குளிப்பாட்டிகினு போறியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். மழைதான் உள்ளே போயிற்று.

எண்ணூர்ச் சாமியாருக்குப் பார்வை மட்டு. சாரலில் மூக்குக் கண்ணாடி வேறு மங்கியிருந்தது. யார் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளையின் தாய்மாமன் தவசிமுத்து என்று சொல்லிவிட்டான் கஸ்பார். வயது தெரியவில்லையே என்றார் அவர். கடல் காற்று, சாமி என்றான் இவன். அவர் நிதானமாக ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். நனையாமலிருக்க அதை மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினான். டப்பாவில் மத்தியானத்து மீன் குழம்பு கொஞ்சம் மிச்சமிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. டோல்கேட் வரை மழை துரத்திக்கொண்டே வந்து, அங்கே சலித்துப்போய் நின்றுவிட்டது. இராயபுரத்தில் அதே வெயில். கள் தெளிந்து கோயில் மதிலோரம் காத்திருந்த மாமாவின் கையில் கடிதத்தைத் திணித்து, ரயிலில் போய்வந்ததாகச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்து உள்ளே தள்ளினான். தான் மட்டும் சாமியார் அறை ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

இராயபுரச் சாமியார் உறையை முகர்ந்து பார்த்தார். அப்புறம் பிரித்து உரக்க வாசித்தார். எண்ணூர்ச் சாமியாரின் கையெழுத்து நல்ல கையெழுத்து. மணத்துக்குத் தடையில்லை என்று எழுதியவர், அதோடு நிறுத்தவில்லை. இதைக் கொண்டுவரும் தாய்மாமன் தவசிமுத்து கடும் மழையில் சைக்கிள் மிதித்து வந்தார். தலைமுதல் கால்வரை தெப்பமாக நனைந்திருக்கிறார். சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடுக்கவும்.

சாமியார் கடிதத்தைப் பார்த்தார். மாமாவின் கசங்கிய, காய்ந்த கோட்டைப் பார்த்தார். வெளியே கஸ்பார் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். இல்லை என்று மாமா சொன்னால், பொய்ப் பெயரில் வாங்கிய கடிதம் என்று ஆகும்; ஓலை நிற்கும்.

"சைக்கிள்லயா போனீர்?"

தவசிமுத்து பிறந்ததிலிருந்து சைக்கிளில் ஏறியதில்லை. தேர்ந்தெடுக்க நேரமும் இல்லை.

"ஆமா சாமி. மழ பேஞ்சிகினுதான் இருந்திச்சி. அந்தோணியாருதான் எம்மேல படாம பாத்துக்கினாரு."

சாமியார் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நாளைக்கு ஓலை வாசிக்கிறேன், பூசை முடிந்ததும் நீர் கோயிலைச் சுற்றி ஒரே ஒரு சுற்று சைக்கிள் விட்டுக் காட்டும், சபை கண்டு பயனடையட்டும் என்றார். மாமா தலையாட்டிவிட்டார்.

மறுநாள் ஓலை வாசிக்கப்பட்டது; மாமாவுக்கு முழங்கால் வலி. இரண்டாவது ஓலையன்று சைக்கிளில் காற்றில்லை. மூன்றாவது ஓலையன்று மாமாவே இல்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அடுத்த வருஷம் கஸ்பாரின் தலைச்சன் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போனார்கள். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தார். தூணுக்குப் பின்னால் நின்ற தவசிமுத்துவைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்று என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.