முடிக்காகக் கழித்த அளவு

மகள் பிறந்த ஆறாம் நாளே நான் டேப் வாங்கிவிட்டேன். துணி டேப் இழுபடும் என்று படித்திருந்ததால் காகித டேப். கமுந்திங் தொழிற்சாலையில் என் வேலையே அளவு சரிபார்ப்பதுதான். ஒரு குழந்தையின் தலை என்ன பெரிய காரியம்? புருவத்துக்கு மேலே, பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி மூன்று தடவை அளப்பேன். கிளினிக் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோடுகளை லேப்டாப்பில் வரைந்து, அதில் புள்ளி வைப்பேன்.

பிள்ளைக்குத் தலை நிறைய முடி. முப்பதாம் நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் மாதம் முருகன் கோயிலில் இறக்குவதாக மனைவி நேர்ந்திருந்தாள். முடியும் டேப்புக்குள் சேர்ந்துகொள்கிறதே என்று எனக்கு உறுத்தியது. அதனால் கழித்தேன். முதலில் கால் சென்டிமீட்டர். முடி அடர அடர அரை, முக்கால், கடைசியில் ஒன்று. யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கே தோன்றியதில் பெருமைகூட.

மூன்றாம் மாத ஊசிக்குப் போனபோது கிளினிக் தாதி, மிஸ்ஸி என்று கூப்பிடுவோம், புத்தகத்தில் வைத்த புள்ளி என்னுடையதைவிட மேலே இருந்தது. பாவம், மிஸ்ஸிக்கு முடியைக் கழிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். நான்காம் மாதம் வெறும் அளவு பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை.

ஒருநாள் மனைவி சொன்னாள்: “ஏங்க, பாப்பா கண்ணு கீழயே போகுதுலா. மேல பாக்கவே மாட்டேங்குது.”

“கோடு எவ்ளோ அழகா போகுது பாரு. சும்மா பயப்படாத.”

“கோட்டப் பாத்தது போதும். பிள்ளையப் பாருங்க.”

மொட்டை அடித்த மறுநாள் சந்தனத்தைக் கழுவிவிட்டு அளந்தேன். 44.8. முந்தின வாரம் நான் பதிந்தது 43.8. இப்போது கழிக்க ஒன்றுமில்லை. மறுபடி அளந்தேன். அதேதான். புள்ளி மேல்கோட்டுக்கு வெளியே விழுந்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய், கிளினிக்குக் கிளம்பக் காரைத் திருப்பி நிறுத்தினேன்.

“போன மாசம் ஏன் வரல தம்பி? வீட்டுலயே கிளினிக் தொறந்துட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே மிஸ்ஸி டேப்பைச் சுற்றினார். இரண்டாம் தடவை சுற்றும்போது சிரிப்பில்லை. ஈப்போவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகு, தலைக்குள் நீர் சேர்ந்திருக்கிறது, குழாய் வைத்து வடிக்க வேண்டும் என்றார் டாக்டர். தமிழ்ப் பெண்மணி. என் லேப்டாப்பைப் பார்த்தார்.

“நாலாம் மாசம் நல்லாத்தானே இருக்கு? இந்த ஒரு வாரத்துலயா இவ்ளோ ஏறிச்சு? அப்படீன்னா வேற டெஸ்டும் எடுக்கணும்.”

“இல்ல டாக்டர். நான் முடிக்குக் கழிச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“முடிக்கு.”

அவர் என்னைத் திட்டவில்லை. “எவ்ளோ கழிச்சீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்றார். சொன்னேன். ஒவ்வொன்றையும் கூட்டிக் காகிதத்தில் புள்ளி வைத்தார். ஆபீஸில் அறிக்கை படிப்பது போல என் குரல் ஒலித்தது. புள்ளிகளைச் சேர்த்தபோது, கோடு மூன்றாம் மாதத்திலிருந்தே வளர்ச்சிக் கோடுகளைக் கடந்து மேலே மேலே ஏறியது.

“அப்பத்தான் கண்ணு கீழ போச்சு,” என்றாள் மனைவி. என்னிடம் அல்ல, டாக்டரிடம்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார். சம்மதத் தாளுக்காக நான் கையை நீட்டினேன்.

“எங்க சைன் போடணும் டாக்டர்?” என்று கேட்டாள் மனைவி. டாக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.