அண்ணனுக்குக் கொடுக்காத மாத்திரை

பத்திரிகையில் பிழை திருத்துபவன் நான். எதையும் சந்தேகப்பட்டே பழக்கம்.

நாற்பத்தொரு வயதில் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. சிகரெட், சர்க்கரை, கொழுப்பு எதுவுமில்லை. அம்பத்தூர் டாக்டர் அவர் ரத்தத்தைப் பம்பாய்க்கு அனுப்பினார். ரத்தக் குழாயைக் கெடுக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் அதிகம் என்று சொல்லி, அதைக் குறைக்க ஃபோலிக் அமிலம், பி12 என்ற இரண்டு வைட்டமின் மாத்திரை எழுதினார். கேள்விப்படாத சோதனை. கமிஷனுக்காக என்றே நினைத்தேன்.

கள்ளிக்குப்பம் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், ஃபோலிக் மாசமா கீற பொம்பளைங்களுக்கு எழுதுறதாச்சே! உங்க அண்ணாத்தே எத்தினி மாசம்?"

சந்தேகம் உறுதியானது. இரண்டுக்கும் பதிலாக, கெடுதல் இல்லையென்று கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் நம்பி, தினமும் விழுங்கினார்.

மூன்று மாதம் கழித்து மறுசோதனை முடிவை வாங்க நான் மட்டும் போனேன். அளவு இறங்கவில்லை. டாக்டர் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"டோஸ் பத்தல போலிருக்கு. நான் கணிச்சது தப்பு சார்."

அப்போதும் விடாமல் கேட்டேன். "இது குறைஞ்சா மறுபடி அட்டாக் வராதா?"

"அது இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. மாத்திரை போட்டா அளவு குறையும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ஏமாற்றுகிறவர் இப்படிப் பேசமாட்டார். கால்சியம் விஷயத்தை அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதே சீட்டை மறுபடி எழுதிக் கொடுத்தார். இந்த முறை அதையே வாங்கினேன்.

டாக்டரிடம் அன்றே ஒப்புக்கொண்டேன். அண்ணனிடம் இப்போதுதான், இதை எழுதித்தான், சொல்கிறேன்.