கவிதை வாரத்தில் மைக் பிடிக்க ஆள் தேடிய கதை

"ஏலே, மெதுவாப் பேசு. அந்த அக்கா திட்டாது. ஆனா பாக்கும்."

புத்தக அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டது இது. அந்த அக்கா நான்தான். நூலக வேலையில் வாயைத் திறக்காமலே ஓய்வு பெற்றுவிடலாம் என்று நம்பித்தான் நூலகவியல் படித்தேன். கூச்சத்தோடு பிறந்த சகோதர சகோதரிகளே, நீங்களும் அப்படி எதையாவது நம்பி ஒரு வேலையில் சேர்ந்திருந்தால், இது உங்களுக்காகத்தான்.

போன ஆடியில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கவிதை வாரம் கொண்டாடினோம். மாடியில் ஒதுங்கிக் கிடந்த கவிதைத் தொகுப்புகளையெல்லாம் கீழே இறக்கி, தூசி தட்டி, வாசலுக்கு நேரே அடுக்கினோம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வாசகர்கள் மைக் பிடித்து, தங்களுக்குப் பிடித்த கவிதையை வாசிக்க வேண்டும். வாசகர்களைப் பிடித்து வருவது என் பொறுப்பு. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பேரைக் கேட்டால்கூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறவள் நான். எங்கள் நூலகர் மேடத்துக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"ஆள் கெடைக்கலைன்னா என்ன, நீயே வாசிச்சிரு."

கிளிப் மட்டும் மிஞ்சியது

முதலில் விளம்பரம் வேண்டுமே என்று வராந்தாவில் கயிறு கட்டினேன். காதல் கவிதைகளாகப் பார்த்துத் தாளில் எழுதி, துணி கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். ஆடி மாதத்தில், தேனியில், திறந்த வராந்தாவில். இந்தக் காற்றிலேயே வளர்ந்தவள் செய்கிற காரியமா இது? டீ குடித்துவிட்டு வருவதற்குள் கயிற்றில் கிளிப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. கவிதைகள் வேப்பமரத்தில் ஏறியிருந்தன, பைக் ஸ்டாண்டுக்குள் புகுந்திருந்தன. ஒன்று துணைவேந்தர் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டதாகக் காவலாளி அண்ணன் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில், மகளை விடுதியில் விட வந்த சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி ஒருவர் என் மேஜைக்கு வந்தார். நாலாக மடித்த தாளை யாரும் பார்க்காதபடி நீட்டினார். "எந்தப் புள்ளைக்கோ எவனோ எழுதுனது போல. பேரு போடலையேன்னு படிச்சிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். ஆக, பிடித்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை இதையே மைக்கில் வாசிக்க வருகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மைக்குல வாசிச்சா, 'யார நெனச்சு வாசிச்சீக'ன்னு என் வீட்டுக்காரி கேப்பாளே. நீ வந்து பதில் சொல்லுவியாத்தா?"

முழுத் தொகுப்பின் ரசிகர்

வேதியியல் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஒரு கவிஞரின் கவிதை முழுத் தொகுப்பை மாதக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். தலையணை கனம் இருக்கும். அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கு உள்ளே மத்தளம் கொட்டும். அமிலத்துக்கு நடுவே ஒரு ரசிகர்! அவரைவிட்டால் மைக்குக்கு வேறு யார்? புதன்கிழமை ஆய்வகத்துக்கே தேடிப் போனேன்.

புத்தகம் மேஜையில்தான் இருந்தது. அதன்மேல் மடிக்கணினி உட்கார்ந்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அனுபவித்து உணர்ந்த விமர்சகர் போல விளக்கினார்.

"தேர்ந்தெடுத்த கவிதைகள் வச்சுப் பாத்தேன்க்கா, கழுத்து வலிக்குது. முழுத் தொகுப்புதான் சரியான ஒசரம்."

போடியிலிருந்து ஒரு வாக்குறுதி

வியாழக்கிழமை தெய்வம் போல வந்தார் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர். சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட்டு எங்களுக்குப் பெட்டியோடு அன்பளிப்பாகக் கொடுத்தவர். "என் புத்தகத்த யாரும் எடுத்தாகளா?" என்று அவர் கேட்க வரும்போது நாங்கள் எல்லோரும் அடுக்குகளுக்குள் ஒளிவது வழக்கம். அன்றைக்கு நான் ஒளியவில்லை. எழுந்து நின்று வரவேற்றேன். விஷயத்தைச் சொன்னதும், "நாளைக்கு வாரேன், எல்லாத்தையும் வாசிக்கிறேன்" என்றார். எல்லாத்தையுமா என்று நான் கேட்கவில்லை. கேட்பேனா? அன்றிரவு அத்தனை நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நிகழ்ச்சிக்கு அரைமணி இருக்கும்போது அவரிடமிருந்து போன். பின்னால் ஏல மையத்தின் இரைச்சல்.

"வெல நல்லா ஏறிக்கிட்டு இருக்கும்மா. கவித எங்கன போயிரும்? அடுத்த வெள்ளிக்கெழமையும் அங்கனயேதான இருக்கும்?"

வெள்ளிக்கிழமை

மைக் தயாராக இருந்தது. முன்வரிசையில் மேடமும் தமிழ்த்துறையினரும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வழக்கம்போலக் குனிந்த தலையோடு. "வாசிக்க விரும்புறவுங்க வரலாம்" என்று மேடம் அறிவித்தார். எல்லோரும் அன்போடு அடுத்தவரைப் பார்த்தார்கள். அப்புறம் மேடம் என்னைப் பார்த்தார்.

இருப்பதிலேயே மெலிந்த தொகுப்பில் இருப்பதிலேயே குட்டிக் கவிதையை எடுத்துக்கொண்டு போனேன். மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் முடித்தேன். முன்வரிசை கை தட்டியது. தப்பித்தோம் என்று காலை எடுத்து வைத்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி, கையில் பேனாவோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நேரே வந்தாள். படிக்கிற இடத்தில் என்ன சத்தம் என்று கேட்கப்போகிறாள். நியாயம்தான். மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் எழுந்து வந்து கதவருகே நின்றார்கள்.

"அக்கா, என்ன வாசிச்சீகன்னே உள்ள கேக்கல. கொஞ்சம் சத்தமா வாசிங்கக்கா."

நான் புத்தகத்தை முகத்திலிருந்து இறக்கினேன். மைக்கை வாய்க்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தேன்.